முகக் கரப்பான்: பித்தநாளத்தில் தொடங்கும் ஒரு தோல்நோயின் வரலாறு

முகக் கரப்பான் என்பது செம்மறியாடுகளையும் மாடுகளையும் தாக்கும் ஒரு நச்சு நோயாகும். நியூசிலாந்தின் வட தீவில் பெரும் இழப்பை ஏற்படுத்தியதால் அந்நாட்டோடு சேர்த்தே இந்நோய் அறியப்படுகிறது. நோயுற்ற ஆட்டின் காதுகள் தடித்துத் தொங்கும். கண் இமைகள் வீங்கி மூடிக்கொள்ளும். கம்பளி இல்லாத முகத்தோல் சிவந்து, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி உரியும். வெயில் பட்டால் ஆடு தலையை உதறிக்கொண்டு நிழல் தேடி ஓடும். வேலியோரத்திலும் மரத்தடியிலும் முகத்தைப் புதைத்தபடி நிற்கும். இதைக் கண்ட விவசாயிகள் இதை ஒரு தோல்நோயாகவே கருதிப் பெயர் வைத்தார்கள். பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் அது தவறான பெயர்.

நோயின் இருப்பிடம் கல்லீரலுக்குள் ஓடும் பித்தநாளங்கள். மேய்ச்சலோடு உள்ளே போகும் ஒரு வேதிப்பொருள் அந்த நாளங்களைப் புண்ணாக்கி அடைக்கிறது. பித்தநீரோடு சேர்ந்து வெளியேற வேண்டிய ஒரு நிறமி, வழியில்லாமல் இரத்தத்தில் தங்குகிறது. அந்த நிறமி தோலை அடைந்ததும் மீதி வேலையை வெயில் செய்துவிடுகிறது. புல், நஞ்சு, பித்தநாளம், நிறமி, வெயில் என்ற இந்தத் தொடரைக் கண்டுபிடிக்க இரண்டு நாடுகளின் ஆய்வாளர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவும் வரிசையாக நடக்கவில்லை. தொடரின் கடைசிப் பகுதி முதலில் விளங்கியது. முதற்பகுதி கால் நூற்றாண்டு கழித்தே கிடைத்தது.

பித்தநீர் எதைச் சுமந்து செல்கிறது

பித்தநீர் கொழுப்பைச் செரிக்க உதவும் நீர் என்பது பள்ளிப் பாடத்தில் வருவது. அதன் மற்றொரு பணி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உடலில் எளிதில் நீரில் கரையாத பல கழிவுகளைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. அவற்றைக் கல்லீரல் செல்கள் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து, பித்தநீரில் கலந்து, குடலுக்கு அனுப்புகின்றன. பழைய சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் பிலிருபின் இப்படித்தான் வெளியேறுகிறது. பல மருந்துகளும் நச்சுகளும் இதே வழியில் போகின்றன.

கல்லீரல் செல்களுக்கு இடையே மயிரிழையினும் மெல்லிய கால்வாய்கள் உள்ளன. பித்தநீர் முதலில் ஊறுவது அங்கேதான். அங்கிருந்து சிறு நாளங்களுக்கும், பின் பெரிய நாளங்களுக்கும், கடைசியில் குடலுக்கும் அது வழிகிறது. இந்த நாளங்களின் உட்சுவரில் ஒரு வரிசைச் செல்கள் பதிந்துள்ளன. நெடுங்காலம் இவற்றை வெறும் குழாய்ப்பூச்சாகவே நினைத்தார்கள். உண்மையில் அவை பித்தநீரில் நீரையும் பைகார்பனேட்டையும் சேர்க்கின்றன. வீணாகப் போகவிருக்கும் குளுக்கோசைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே இச்செல்கள் அழிந்தால் இரண்டு கேடுகள் நேர்கின்றன. குழாய் அடைபடுகிறது, பித்தநீரின் சேர்மானமும் மாறிவிடுகிறது.

கரூ சமவெளியும் நெருஞ்சியும்

கதையின் முதற்பகுதி தென்னாப்பிரிக்காவில் நடந்தது. அந்நாட்டின் உட்பகுதியில் பரந்து கிடக்கும் கரூ என்ற வறண்ட சமவெளியில், கோடை மழைக்குப் பின் செம்மறியாடுகள் முகம் வீங்கி, மஞ்சள் பூத்து, பெருந்தொகையாகச் சாவது வழக்கமாக இருந்தது. ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசிய விவசாயிகள் அந்நோயை ஹீல்டிக்கொப் என்றார்கள். மஞ்சள் நிற வீங்கிய தலை என்று பொருள். ஆடுகள் மேய்ந்த செடி தமிழ்நாட்டுக் காட்டுப்பாதைகளில் காலில் குத்தும் அதே நெருஞ்சி. சித்த மருத்துவத்தில் நீரடைப்புக்குக் கொடுக்கப்படும் அதே செடிதான் அங்கே ஆடுகளைக் கொல்லும் செடியாகப் பெயர் வாங்கியது. பிரிட்டோரியாவுக்கு அருகிலுள்ள ஒண்டர்ஸ்டபூர்ட் கால்நடை ஆய்வு நிலையத்தை நிறுவிய ஆர்னால்ட் தெய்லர் 1918இலேயே இந்நோயைப் பற்றி விரிவாக எழுதியிருந்தார்.

1930களில் அதே நிலையத்தில் ஜான் குவின் என்ற கால்நடை ஆய்வாளரும், இங்கிலாந்திலிருந்து வந்திருந்த வேதியியலர் கிளாட் ரிமிங்டனும் இதைக் கையில் எடுத்தார்கள். வெயிலில் நின்றால்தான் முகம் பொசுங்குகிறது என்பது முன்பே தெரியும். அப்படியானால் நோயுற்ற ஆட்டின் இரத்தத்தில் ஒளியை ஈர்க்கும் ஏதோவொரு பொருள் இருக்க வேண்டும். 1934இல் அவர்கள் அதை அடையாளம் கண்டார்கள். அது வெளியிலிருந்து வந்த நஞ்சாக இருக்கவில்லை. பைலோஎரித்ரின் என்ற அந்தச் சிவப்பு நிறமி நலமான ஆட்டின் புழுக்கையிலும் மாட்டின் பித்தநீரிலும் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்த ஒன்று.

அது வரும் வழி எளிமையானது. ஆடு தின்னும் பசும்புல்லில் பச்சையம் இருக்கிறது. அசைபோடும் விலங்குகளின் பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் பச்சையத்தைச் சிதைத்துப் பைலோஎரித்ரினாக மாற்றுகின்றன. அதில் ஒரு பகுதி குடலிலிருந்து இரத்தத்தில் ஏறிக் கல்லீரலை அடைகிறது. நலமான கல்லீரல் அதைப் பிடித்துப் பித்தநீரோடு உடனே வெளியே தள்ளிவிடும். தோலுக்குப் போகும் இரத்தத்தில் அது தங்குவதில்லை. பித்தம் வெளியேறாதபோதுதான் சிக்கல். ஆட்டின் பித்தநாளத்தை அறுவை மூலம் கட்டிவிட்டுப் பசுந்தீவனம் கொடுத்தபோது, எந்த நச்சுச் செடியும் இல்லாமலேயே அதே நோய்க்குறிகள் தோன்றின. பச்சையமில்லாத தீவனம் தின்ற விலங்குக்குக் கல்லீரல் கெட்டாலும் முகம் பொசுங்காது.

மனிதருக்குப் பித்தநாளம் அடைபட்டால் மஞ்சள்காமாலை வருகிறது, தோல் அரிக்கிறது. ஆனால் வெயிலில் இப்படிப் பொசுங்குவதில்லை. காரணம், மனிதருக்குப் பெருவயிறு இல்லை. கீரை எவ்வளவு தின்றாலும் பைலோஎரித்ரின் அந்த அளவில் உண்டாவதில்லை.

ஒண்டர்ஸ்டபூர்ட் ஆய்வு தொடரின் பின்பாதியைத் தெளிவாக்கியது. முன்பாதி புதிராகவே நின்றது. நெருஞ்சியை மட்டும் ஆடுகளுக்குக் கொடுத்தால் சில வேளை நோய் வந்தது. பல வேளை வரவில்லை. இந்தப் புதிர் விடுபட அரை நூற்றாண்டு ஆயிற்று. அதற்கான குறிப்பு நியூசிலாந்திலிருந்துதான் வந்தது.

1938

நியூசிலாந்தில் முகக் கரப்பான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தெரிந்த நோய். சில ஆண்டுகளில் வரும், சில ஆண்டுகளில் வராது. 1938இன் இலையுதிர் காலத்தில் அது வட தீவின் மேய்ச்சல் பகுதிகளை, குறிப்பாக வைக்கட்டோ வட்டாரத்தை, முன் கண்டிராத அளவில் தாக்கியது. அந்நாட்டின் பொருளாதாரம் கம்பளி, இறைச்சி, வெண்ணெய் ஏற்றுமதியில் நின்றது. ஆகவே இது சில பண்ணைகளின் துயரமாக முடிந்துவிடவில்லை. அரசு பெரிய அளவில் ஆய்வைத் தொடங்கியது; ஹாமில்டன் நகருக்கு அருகிலுள்ள ருவாக்குரா கால்நடை ஆய்வு நிலையம் அதன் மையமாயிற்று.

சில ஆண்டுகளுக்குள் நோயின் உடற்கூறு தெளிவாகிவிட்டது. இறந்த ஆடுகளை அறுத்துப் பார்த்தபோது பித்தநாளங்களின் சுவர் தடித்து வெளுத்திருந்தது. நாளங்களுக்குள் உதிர்ந்த செல்களும் கெட்டிப்பட்ட பித்தமும் அடைத்துக் கிடந்தன. கல்லீரலின் இடப்பகுதி மிகுதியாகக் கெட்டுச் சுருங்கியிருக்க, வலப்பகுதி அதை ஈடுசெய்ய முயல்வதுபோல் பருத்திருந்தது. 1944இல் என். டி. கிளேர் என்ற ஆய்வாளர் நியூசிலாந்து ஆடுகளிலும் தோலைப் பொசுக்கும் பொருள் பைலோஎரித்ரின்தான் என்று காட்டினார். தென்னாப்பிரிக்க முடிவு பொருந்திவிட்டது.

மீதமிருந்த கேள்வி ஒன்றுதான்: பித்தநாளத்தை இப்படிக் கெடுப்பது எது? நோய் வரும் காலம் நன்றாகத் தெரிந்திருந்தது. கோடை வறட்சிக்குப் பின் வெதுவெதுப்பான மழை பெய்து, புல் தளதளவென்று எழும்போது ஆடுகள் விழும். இயல்பாகவே சந்தேகம் புல்லின்மேல் போனது. வேகமாக வளரும் இளம்புல்லில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்று நினைத்து, ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல்லைப் பல ஆண்டுகள் அலசினார்கள். பொருத்தமான ஊகம்தான், பலன் கிடைக்கவில்லை. இன்று நச்சாக இருக்கும் வயல் சில நாளில் நலமாகிவிடும். நோய் வராத ஆண்டில் ஆய்வுக்கு நச்சுப் புல்லே கிடைக்காது. ஒவ்வொரு மாதிரியையும் ஆட்டுக்கோ கினிப்பன்றிக்கோ கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருந்து, கல்லீரலைப் பார்க்க வேண்டியிருந்தது.

குவளையில் படிந்த வெள்ளை வளையம்

1950களின் நடுவில் ருவாக்குராவில் ஒரு குறுக்குவழி கிடைத்தது. புல்லின் சாற்றைப் பல படிகளில் பிரித்துக் கண்ணாடிக் குவளையில் ஆவியாக்கும்போது, நச்சுப் புல்லின் சாறு மட்டும் குவளைச் சுவரில் வெள்ளையாக ஒரு படிவை விட்டுச் சென்றது. இதைக் குவளைச் சோதனை என்றார்கள். விலங்கைக் கொல்லாமல் நச்சுப் புல்லை இனங்காணும் வழி முதன்முறையாகக் கையில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வெள்ளைப் பொருள் நஞ்சே இல்லை என்பது பின்னர் தெரிந்தது. நஞ்சு பிறக்கும் இடத்திலேயே பிறக்கும் வேறொரு தீங்கற்ற பொருள் அது. தவறான பொருளைக் காட்டினாலும் சோதனை சரியான இடத்தையே காட்டியது.

அந்த இடத்தைக் கண்டவர் ஜே. சி. பெர்சிவல். புல் வெட்டும் இயந்திரங்களில் கரிப்பொடி போன்ற கறுப்புத் தூசு படிவதை அவர் கவனித்தார். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது அது ஒரு பூஞ்சையின் ஸ்போர்க் குவியல் என்று தெரிந்தது. பூஞ்சை அறிஞர் ஆர். எச். தார்ன்டனுடன் சேர்ந்து, குவளைச் சோதனையில் நச்சு என்று தெரிந்த புல்லில் இந்த ஸ்போர்கள் இருப்பதை 1958இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு, பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்து ஆட்டுக்குக் கொடுத்து அதே நோயை உண்டாக்கிக் காட்டினார்கள்.

பூஞ்சை பசும்புல்லில் வளரவில்லை. வறட்சியில் காய்ந்து அடியில் கிடக்கும் சருகில் அது வளர்ந்தது. மழை வந்ததும் மேலே புது இலை தளிர்க்க, கீழே ஈரச் சருகில் பூஞ்சை ஸ்போர்களை அள்ளி வீசியது. இருபது ஆண்டுகளாகச் சந்தேகிக்கப்பட்ட இளம்புல் குற்றமற்றது. அதன் காலடியில் கிடந்த குப்பைதான் காரணம். ஆட்டுமந்தை புல்லை ஒட்டக் கடிக்கக் கடிக்க நஞ்சு அதிகமாக உள்ளே போனது. இந்த ஒரு செய்தியே மேய்ச்சல் முறையை மாற்றப் போதுமானதாக இருந்தது.

பூஞ்சைக்கு அன்று ஸ்போரிடெஸ்மியம் பேக்கரி என்று பெயர். அதனால் நஞ்சுக்கு ஸ்போரிடெஸ்மின் என்று பெயர் வந்தது. பூஞ்சையின் பெயர் பிறகு பித்தோமைசிஸ் சார்ட்டாரம் என்றும், அண்மையில் சூடோபித்தோமைசிஸ் என்றும் மாறிவிட்டது; நஞ்சு பழைய பெயரிலேயே இருக்கிறது. நஞ்சைப் பிரித்தெடுத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் சிங். பகிர்வு வண்ணப்பிரிகை முறைக்காக 1952இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், 1958–59இல் ஸ்காட்லாந்திலிருந்து ருவாக்குராவுக்கு வந்து சில மாதங்கள் தங்கி, அங்கிருந்த ஈ. பி. ஒயிட்டுடன் இந்த வேலையில் ஈடுபட்டார். பெயர் பெற்ற ஒருவர் ஆட்டு நோய்க்காகப் பூமியின் மறுகோடிக்குப் போனது அந்நாளின் அறிவியல் உலகைப் பற்றி நல்ல எண்ணத்தையே தருகிறது.

வெளியேறும் வழியை எரிக்கும் நஞ்சு

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைந்த ஸ்போரிடெஸ்மின் ஆட்டின் பித்தநாளங்களைக் கெடுக்கப் போதும். நஞ்சு இரத்தத்தின் வழியே உடலெங்கும் போகிறது. அப்படியிருக்க ஏன் பித்தநாளம் மட்டும் இவ்வளவு கெடுகிறது? 1960களில் ருவாக்குராவைச் சேர்ந்த பி. எச். மார்ட்டிமர் நடத்திய ஆய்வுகள் இதற்கு விடை தந்தன. வாய்வழியாகக் கொடுத்த நஞ்சு சில மணி நேரத்திலேயே பித்தநீரில் தென்பட்டது; இரத்தத்தில் இருந்ததைவிடப் பன்மடங்கு செறிவாகவும் இருந்தது.

கல்லீரல் தன் கடமையைத்தான் செய்கிறது. நஞ்சைக் கண்டதும் வடித்தெடுத்துப் பித்தநீரில் தள்ளுகிறது. அப்படித் தள்ளப்பட்ட நஞ்சு நாளங்களில் திரண்டு, அங்குள்ள செல்களைத் தாக்குகிறது. முதல் சில நாளில் செல்கள் வீங்கி உதிர்கின்றன. நாளத்தைச் சுற்றி நீர்கோத்து அழற்சி உண்டாகிறது. உதிர்ந்த செல்கள் நாளத்தை அடைக்கின்றன. பிறகு உடல் அந்தப் புண்ணை ஆற்ற நார்த்திசுவைக் கொண்டுவந்து கொட்டுகிறது. அது நாளத்தை மேலும் நெரிக்கிறது. பித்தநீர் ஓட்டம் மெல்லக் குறைகிறது. பிலிருபினும் பித்த அமிலங்களும் பைலோஎரித்ரினும் இரத்தத்துக்குத் திரும்புகின்றன. ஆடு நஞ்சைத் தின்று ஏறக்குறைய பத்து நாள் முதல் இரண்டு வாரம் கழித்தே முகம் வீங்குவது இதனால்தான். விவசாயி நோயைக் காணும் நாளில் நஞ்சு உடலைவிட்டுப் போய்விட்டிருக்கும். முகக் கரப்பானுக்கு முறிமருந்து இல்லாததற்கும் இதுவே அடிப்படைக் காரணம்.

இதே பாடம் வேறு வேதிப்பொருள்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. ஆல்ஃபா நாப்தைல் ஐசோதயோசயனேட் என்ற பொருளை எலிக்குக் கொடுத்தால் ஒரு நாளுக்குள் பித்தநீர் ஓட்டம் ஏறத்தாழ நின்றுவிடும். 1958இல் இதன் விளைவுகளை மக்லீனும் ரீஸும் விவரித்தபின், பித்தத்தேக்கத்தை ஆராய்வோர் கையில் இது வழக்கமான கருவியாயிற்று. கல்லீரல் செல் இந்தப் பொருளைக் குளுட்டாதயோனோடு பிணைத்துப் பாதுகாப்பாக வெளியே அனுப்புகிறது; பித்தநீரில் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து, நஞ்சு மறுபடி விடுபட்டு நாளத்தைத் தாக்குகிறது. பித்தநீருக்குள் ஏற்றும் கடத்துப்புரதம் பிறப்பிலேயே இல்லாத எலிகள் இந்த நஞ்சைத் தாங்கிக்கொள்கின்றன என்பது பின்னாளில் தெரியவந்தது. வெளியேற்ற முடியாததே அவற்றுக்குக் காப்பாக அமைந்தது.

மனிதரும் இதிலிருந்து தப்பவில்லை. 1965 பிப்ரவரியில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள எப்பிங் என்ற ஊரில் 84 பேருக்கு ஒரே சமயத்தில் மஞ்சள்காமாலை வந்தது. தொற்றுநோய் என்று முதலில் ஐயப்பட்டார்கள். விசாரித்தபோது எல்லோரும் ஒரே வகை முழுக்கோதுமை ரொட்டியைத் தின்றிருந்தது தெரிந்தது. ரொட்டிக்கான மாவு வந்த வண்டியில், பிசின்களை இறுக்கப் பயன்படும் மெத்திலீன் டையனிலின் என்ற வேதிப்பொருள் கசிந்து மாவு மூட்டையில் ஊறியிருந்தது. கல்லீரல் திசுவை எடுத்துப் பார்த்தபோது பித்தநாளங்களைச் சுற்றி அழற்சியும் பித்தத்தேக்கமும் தெரிந்தன. நோயாளிகள் தேறினார்கள். பின்னாளில் இந்தப் பொருளை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தபோது, சில மணி நேரத்தில் நாளச் செல்கள் மடிவதும், பித்தநீர் ஓட்டம் குறைவதும், அதே வேளையில் பித்தநீரில் குளுக்கோஸ் ஏறுவதும் காணப்பட்டன. குளுக்கோசை மீட்டெடுக்க வேண்டிய செல்கள் அங்கே இல்லாமற் போனதன் நேரடிச் சான்று அது.

எல்லாப் பித்தத்தேக்கமும் நாளத்தில்தான் தொடங்கும் என்பதில்லை. நீலகிரி முதல் இமயமலை அடிவாரம் வரை புதராக மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியைத் தின்ற மாடுகளும் வெயிலில் பொசுங்குகின்றன. அச்செடியிலுள்ள லாண்டடீன் என்ற பொருளும், தென்னாப்பிரிக்கச் செடி ஒன்றிலிருந்து ரிமிங்டன் குழுவினர் ஆராய்ந்த ரெஹ்மானிக் அமிலமும் ஒன்றே என்பது 1950களில் தெளிவானது. இவை பித்தநீர் ஊறும் தொடக்கத்திலேயே அதை நிறுத்துகின்றன. பெரிய நாளங்கள் திறந்தே இருக்கும். ஆனால் முகத்தில் தெரியும் புண் ஒன்றுபோலவே இருக்கும்.

துத்தநாகமும் கிளாடிஸ் ரீடும்

பூஞ்சை தெரிந்தபின் தடுப்பு முறைகள் வந்தன. புல்லை நீரில் கழுவி, நுண்ணோக்கியில் ஸ்போர்களை எண்ணி, ஒரு கிராம் புல்லில் எத்தனை இருக்கின்றன என்று கணக்கிட்டு எச்சரிக்கை விடுக்கும் வழக்கம் தொடங்கியது. 1 லட்சம் ஸ்போர்கள் என்பது ஒரு காலத்தில் அபாய எல்லை. பின்னர் அதைவிட மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே எச்சரிக்கை தொடங்கலாயிற்று. வயல்களில் பூஞ்சைக்கொல்லி தெளித்தார்கள். பெரிய பண்ணைகளுக்கு அது செலவு மிகுந்த வேலை.

துத்தநாகத்தின் பயன் ஆய்வகத்திலிருந்து வரவில்லை. தே அரோஹா என்ற ஊரின் விவசாயியான கிளாடிஸ் ரீட், துத்தநாக சல்பேட் கொடுத்த தம் மாடுகள் முகக் கரப்பானுக்குத் தப்புவதைக் கண்டு, பல ஆண்டுகள் அதை எடுத்துச் சொல்லிவந்தார். அறிவியல் பயிற்சி பெறாத ஒரு பெண் விவசாயி சொன்னதை நிபுணர்கள் எளிதில் ஏற்கவில்லை. ஒப்பீட்டு மந்தை இல்லை, அளவு முறைப்படி இல்லை என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்ட காலத்துக்கு அந்த நியாயம் போதாது. ஒவ்வோர் ஆண்டும் ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன. 1970களின் நடுவில் எலிகளிலும், பிறகு ருவாக்குராவில் ஆடுகளிலும் மாடுகளிலும் முறையான சோதனைகள் நடந்தன. அவர் சொன்னது உறுதியாயிற்று. பின்னாளில் அவருக்கு ஓ.பி.இ. விருது வழங்கப்பட்டது.

துத்தநாகம் ஏன் காக்கிறது என்பதை 1980களில் ரெக்ஸ் மண்டே விளக்கினார். ஸ்போரிடெஸ்மின் மூலக்கூறில் இரண்டு கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரு பாலமாக உள்ளன. செல்லுக்குள் அந்தப் பாலம் உடைகிறது; ஆக்சிஜன் பட்டதும் மறுபடி சேர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் துகள்கள் பிறக்கின்றன. நஞ்சு தீர்ந்துபோவதில்லை, சுழன்றுகொண்டே இருக்கிறது. சிறிதளவு நஞ்சு இவ்வளவு கேடு செய்வதன் விளக்கம் இதுவே. செம்பு இந்தச் சுழற்சியை வேகப்படுத்துகிறது. துத்தநாகமோ உடைந்த பாலத்தின் கந்தகங்களைப் பிடித்துக்கொண்டு சுழற்சியை நிறுத்திவிடுகிறது. ஆனால் நஞ்சு வருமுன் துத்தநாகம் உடலில் இருக்க வேண்டும். முகம் வீங்கியபின் கொடுத்துப் பயனில்லை. அளவு கூடினால் துத்தநாகமே கணையத்தைக் கெடுக்கும். குடிநீரில் கலந்தும், வாய்வழி ஊற்றியும், பெருவயிற்றில் வாரக்கணக்கில் தங்கிக் கரையும் உருண்டைகளாகவும் அது கொடுக்கப்படுகிறது.

மீண்டும் நெருஞ்சி

நியூசிலாந்தின் பூஞ்சை தென்னாப்பிரிக்காவின் பழைய புதிரைத் திறந்தது. 1980இல் கெல்லர்மனும் உடன் ஆய்வாளர்களும் ஆடுகளுக்கு நெருஞ்சியையும், ஸ்போரிடெஸ்மின் உள்ள பூஞ்சை வளர்ப்பையும் ஒருசேரக் கொடுத்து ஹீல்டிக்கொப் நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். நெருஞ்சியும் குற்றமற்றதோ என்று தோன்றியிருக்கும். 1990களின் ஆய்வுகள் வேறு விதமாகக் காட்டின. நெருஞ்சியிலுள்ள சப்போனின்கள் ஆட்டின் உடலில் மாற்றமடைந்து, சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத படிகங்களாகப் பித்தநீரில் படிகின்றன. நோயுற்ற ஆட்டின் நாளங்களுக்குள் அந்தப் படிகங்கள் அடைத்துக் கிடந்தன. நியூசிலாந்தில் நஞ்சு நாளத்தை எரித்து அடைத்தது. கரூ சமவெளியில் படிகம் மணல்போல் படிந்து அடைத்தது. இரண்டிலும் வெளியேற முடியாமல் நின்றது அதே பைலோஎரித்ரின்.

கண்ணுக்குத் தெரியாத நோய்

முகத்தில் புண் தெரியும் ஆடுகள் நோயுற்றவற்றில் ஒரு சிறு பகுதிதான். நாளங்கள் பாதி கெட்டிருந்தும் பைலோஎரித்ரினை ஒருவாறு வெளியேற்றிவிடும் ஆடுகள் நலமாகவே தோன்றும். எடை கூடாது, பால் குறையும், சினைப்பிடிப்பு குறையும். குட்டி ஈனும் வேளையில் கல்லீரல் தாங்காமல் சாகும். இவற்றை இனங்காணப் பித்தநாளச் செல்களிலுள்ள ஒரு நொதி உதவியது. காமா குளூட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற அந்த நொதி, நாளம் புண்படும்போது இரத்தத்தில் ஏறுகிறது. வாரக்கணக்கில் அப்படியே நிற்கிறது. மனிதருக்குச் செய்யும் கல்லீரல் பரிசோதனை அறிக்கையிலும் இதே நொதி ஜிஜிடி என்ற பெயரில் இருக்கும். 1970களின் இறுதியில் ருவாக்குராவின் நீல் டவர்ஸ் உள்ளிட்டோர் இதை ஆட்டின் பித்தநாளச் சேதத்தை அளக்கும் கோலாக நிறுவினார்கள்.

அந்த அளவுகோல் கிடைத்ததும் இன்னொன்று புலப்பட்டது. ஒரே வயலில் மேய்ந்து, ஒரே அளவு நஞ்சைத் தின்ற ஆடுகளில் சிலவற்றின் நொதி எகிறியது. சிலவற்றில் அசையவே இல்லை. இந்தத் தாங்கும் திறன் கணிசமான அளவு மரபுவழி வருவது என்று தெரிந்தது. 1980களிலிருந்து நியூசிலாந்தின் செம்மறி வளர்ப்போர் தங்கள் கிடாக்களுக்கு அளந்து சிறிதளவு ஸ்போரிடெஸ்மின் கொடுத்து, ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து இரத்தத்தில் ஜிஜிடி பார்த்து, ஏறாதவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். தலைமுறைதோறும் கொடுக்கும் நஞ்சின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டுகிறார்கள். கிடா எந்த அளவு நஞ்சைத் தாங்கியது என்ற குறிப்பு இன்று அந்நாட்டின் கிடா விற்பனைப் பட்டியல்களில், கம்பளியின் தரத்துக்கும் உடல் எடைக்கும் பக்கத்தில் அச்சாகி வருகிறது.